படிப்புக்குத் துடக்கில்லை

2024 டிசம்பர் 14, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். வெளியே ஆறு பாகை குளிர். குடை விரித்தால் வெட்கம், விரிக்காவிட்டால் தடிமன் காய்ச்சல் என்ற அளவுக்குத் தூறல். பாரிசின் லா சப்பலில் நான் வழக்கமாகப் போகும் மரக்கறிக் கடையில், தராசுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கூடையில் ஏழு வகை இருந்தன: வாழைக்காய், பூசணி, கத்தரிக்காய், பயிற்றங்காய், புடலங்காய், உருளைக்கிழங்கு, ஒரு கட்டுக் கீரை. அடுத்த நாள் என் அண்ணனின் முப்பத்தொன்று, செத்து முப்பத்தோராம் நாள் படையல். படைக்கிற மரக்கறி ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டேன்.

கடைக்காரர் பூசணித் துண்டைத் தராசில் வைத்துவிட்டு, எடையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அவர் கேட்ட கேள்வியை எழுதுவதற்கு முன் அதற்கு முந்திய ஒரு மாதத்தைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மரக்கறிக்காரரின் கேள்வி என்னை ஏன் டாக்ஸியில் ஏற்றியது என்று விளங்காது.

அண்ணன் கனடாவில், ரொறன்ரோவில் இருந்தவர். என்னைவிட ஐந்து வயதும் நான்கு மாதமும் மூத்தவர். நவம்பர் 15, வெள்ளிக்கிழமை, விடிய நாலு நாற்பதுக்கு அவருடைய மூத்த மகன் போன் எடுத்தான். எனக்கு இரண்டாம் முறை இருதய சத்திரசிகிச்சை நடந்த பிறகு நீண்ட விமானப் பயணம் வேண்டாம் என்று வைத்தியர் எழுதித் தந்திருக்கிறார். ஆகையால் ஈமக்கிரியையைக் கணினித் திரையில் பார்த்தேன். இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம். அதற்குள் நாலு தரம் படம் நின்றது. ஒரு தரம் பெட்டியை மூடும்போதே நின்றது.

அதற்குப் பிறகு அண்ணனுக்கு நான் செய்யக்கூடியதாக மிஞ்சியது ஒன்றுதான்: முப்பத்தொரு நாள் துடக்கை, செத்த வீட்டுத் தீட்டை, பிழையில்லாமல் காப்பது. கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, மச்ச மாமிசம் இல்லை. சுவர்க் கலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் பென்சிலால் எண் போட்டேன். வெள்ளிக்கிழமை ஒன்று. டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொன்று. மூன்றாம் நாள் அந்தப் பெறாமகனுக்குப் போன் எடுத்து இந்தத் திகதியைச் சொன்னேன். அவன் "ஓம் சித்தப்பா, ஓம், ஓம்" என்றான். ஒன்றுக்கு மூன்று ஓம் வந்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

வீட்டில் நாங்கள் நாலு பேர். ஐந்தாம் மாடி, தொண்ணூற்றிரண்டு படி, லிஃப்ட் இல்லை. மகனுக்கு ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. மருமகள் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இருக்கிறாள். பேத்திக்குப் பதினாறு வயது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒரு தனியார் லூத்தரன் லிசேயில் படிக்கிறாள்.

சைவக் குடும்பத்துப் பிள்ளை ஏன் லூத்தரன் பள்ளிக்கூடத்தில் என்று புறநகர்களான ஸ்தேனிலிருந்தும் திரான்சியிலிருந்தும் வருகிற சொந்தக்காரர் கேட்பார்கள். எனக்கு அதில் பயமில்லை. யாழ்ப்பாணத்தில் நானே ஒரு மிஷன் கல்லூரியில், நெற்றியில் திருநீற்றோடு, வேதாகம வகுப்பில் எண்பத்தொரு புள்ளி எடுத்தவன். ஆனால் இந்த லிசே எனக்குப் பிடித்ததற்குக் காரணம் வேறு. பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் பெற்றோருக்குப் பள்ளியைத் திறந்து காட்டுகிற நாளில் நானும் போயிருந்தேன். அதிபர் அம்மா ஒரு விதியைச் சொன்னார். அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று பொறுப்பு: படிப்பு, ஒரு விளையாட்டு, ஒரு கலை. மூன்று வருடமும் மூன்றையும் விடாமல் செய்ய வேண்டும். கணக்கில் கெட்டிக்காரன் என்பதற்காக ஓட்டத்தை விட முடியாது. நன்றாக ஓடுகிறவள் என்பதற்காகப் பிரெஞ்சுக் கட்டுரையை விட முடியாது. தவணை அறிக்கையும் மூன்று தாளாகத்தான் வரும்.

இடம் சின்னதுதான். முற்றத்தை நடந்து அளந்தேன்: நாற்பத்தொரு அடி வைத்தால் நீளம், பதினெட்டு வைத்தால் அகலம். சொந்த மைதானம் கிடையாது. புதன்கிழமை பின்னேரங்களில் நகரசபையின் ஓடுபாதைக்குப் பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராக வரிசையில் கூட்டிக்கொண்டு போவார்கள். வகுப்புக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் இல்லை. பக்கத்தில் ஒட்டினாற்போல் தேவாலயம். வியாழக்கிழமை காலையில் பத்து நிமிடம் செபம். விரும்பினவர் போகலாம், விரும்பாதவர் வாசிகசாலையில் இருக்கலாம். பேத்தி முதல் வருடம் வாசிகசாலையில் இருந்தாள். பிறகு பாடகர் குழுவில் சேர்ந்தாள். தேவாலயத்தில் குரல் எதிரொலிக்கிறது, வீட்டில் எதிரொலிக்க இடமில்லை என்றாள். ஐம்பத்தொரு சதுர மீற்றரில் அது உண்மைதான்.

அவளுடைய மூன்று தாளையும் நான் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். படிப்பில் சராசரி இருபதுக்குப் பதினாறு தசம் ஒன்பது. ஓட்டத்தில் பதினைந்து. பாட்டில் பதினெட்டு. அந்தப் பதினெட்டைப் பார்த்துவிட்டு, இதைப் பௌதிகத்துக்கு மாற்ற வழியில்லையா என்று ஒரு தரம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

ஆக, அண்ணன் இறந்தபோது இந்த மூன்று தாளுக்கும் துடக்கு வந்தது. வீட்டில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் நான். நாலாம் நாள், திங்கட்கிழமை, பிரெஞ்சுப் பாடத்தின் மாதிரிப் பரீட்சை. போகலாமோ என்று மருமகள் கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. படிப்புக்குத் துடக்கில்லை என்றேன். எங்கள் ஆட்களில் எந்தப் பெரியவரும் பரீட்சைக்குத் துடக்குப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. செத்த வீட்டிலிருந்து நேரே பரீட்சைக்குப் போன பிள்ளையை ஊரே மெச்சும்.

பதின்மூன்றாம் நாள், புதன்கிழமை, பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான, மேடு பள்ளத்தில் ஓடுகிற நாட்டோட்டப் போட்டி. இதற்குக் கொஞ்சம் யோசித்தேன். ஓட்டம் உடற்பயிற்சி, போகட்டும் என்றேன். அறுபத்தொரு பேரில் மூன்றாவதாக வந்தாள். பதக்கத்தை மட்டும் முப்பத்தொன்று முடியும்வரை மேசை லாச்சியில் வைக்கச் சொன்னேன். வைத்தாள்.

முப்பதாம் நாள், சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. இயேசு பிறந்த நத்தாருக்கு முந்திய காலத்தில் பாடகர் குழு ஆண்டுதோறும் தேவாலயத்தில் நடத்துகிற இசை நிகழ்ச்சி. அதில் ஒரு பாட்டைத் தனியாகப் பாட இந்த வருடம் பேத்தியைத் தெரிவுசெய்திருந்தார்கள். செப்டெம்பரில் பதினொரு பேரின் குரலைக் கேட்டு எடுத்த முடிவு அது. அதற்கு நான் இல்லை என்றேன்.

சாப்பாட்டு மேசையில் நடந்தது அது. பேத்தி வழக்கமாக எங்களுக்குப் பிரெஞ்சில்தான் பதில் சொல்லுவாள். அன்றைக்குத் தமிழில் கேட்டாள்.

"ஓடலாம், பாடக் கூடாதோ அப்பப்பா?"

"ஓட்டம் உடம்புக்கு. பாட்டுக் கொண்டாட்டம். அதோடை உது கோயில்."

"அது சந்தோசப் பாட்டில்லை. காத்துக்கொண்டிருக்கிறவையின்ரை பாட்டு. இன்னும் ஒருத்தரும் வரேல்லை, வெளிச்சமும் வரேல்லை. அவ்வளவுதான் அதிலை இருக்கு."

பிறகு அவள் தன் போனை என் முன்னால் வைத்தாள். பெரியப்பப்பா இறந்த செய்தி வந்த நேரத்தில் ரொறன்ரோவில் இரவு பத்து நாற்பது, அங்கே இன்னும் வியாழக்கிழமை. வியாழனிலிருந்து எண்ணினால் சனிக்கிழமையே முப்பத்தொன்று. மத்தியானம் படைத்துவிட்டால் ஐந்து மணிக்குத் துடக்கில்லை என்று காட்டினாள். எண்ணிக்கை சரியாக இருந்தது. என்னிடம் கற்றுக்கொண்ட எண்ணிக்கை. அதுதான் என்னைக் கோபப்படுத்தியது என்று இப்போது நினைக்கிறேன். நாங்கள் பாரிசில் இருக்கிறோம், எங்களுக்குச் செய்தி வந்தது வெள்ளி, எங்கள் கணக்கு வெள்ளியிலிருந்துதான் என்றேன். அங்கே அண்ணனின் பிள்ளைகளும் நான் சொன்ன ஞாயிற்றுக்கிழமைதான் செய்கிறார்கள் என்றும் சொன்னேன். மகன், அப்பா சொன்னால் சரி என்று எழும்பிப் போனான். நாளைக்கு வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் அதன் பழி தன் தலையில் விழும் என்று மருமகளுக்குத் தெரியும். அவள் பாட்டு ஆசிரியைக்கு மின்னஞ்சல் எழுதினாள். ஆசிரியை மரியாதையாகப் பதில் போட்டார். தங்கள் சபையில் இறந்தவருக்காகவும் பாடுவது உண்டு, ஆனாலும் குடும்பத்தின் முடிவை மதிப்பதாக எழுதியிருந்தார். தனிப் பாட்டை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்தார்கள்.

பேத்தி அழவில்லை. வெள்ளைச் சட்டையையும் கறுப்புப் பாவாடையையும் அழுத்தி அலுமாரிக் கதவில் தொங்கவிட்டிருந்தாள். அதை உள்ளே எடுத்து வைக்கவுமில்லை. பதினாறு நாள் அது அந்தக் கதவில் தொங்கியது. ஒவ்வொரு தரம் அந்த அறையைக் கடக்கும்போதும் பார்த்தேன்.

இனிக் கடைக்காரரின் கேள்வி.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. கொண்ணற்றை முப்பத்தொண்டு போன ஞாயிறெல்லோ முடிஞ்சுது? பேந்து உந்த மரக்கறி ஆருக்கு?"

இல்லை, நாளைக்குத்தான் என்றேன். அவர் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். அவருடைய மச்சான் ரொறன்ரோவில் இருக்கிறார். அண்ணனின் தெருவுக்கு அடுத்த தெரு. அவர் அனுப்பிய காணொளி. பெரிய மண்டபம், வெள்ளை விரிப்பு, வட்ட மேசைகள். ஒரு மேசைக்குப் பத்துக் கதிரை. முன்னால் அண்ணனின் படம், மாலை, குத்துவிளக்கு. பெறாமகன் வாசலில் நின்று வந்தவர்களுக்குக் கை கூப்புகிறான். அடியில் திகதி: டிசம்பர் 8. என் பென்சில் கணக்கில் இருபத்துநாலாம் நாள்.

"ஹோல் அண்டைக்குத்தானாம் கிடைச்சது," என்றார் கடைக்காரர். "அங்கை உப்பிடித்தான் அண்ணை. வேலை நாளிலை ஆர் வருவினம்? சாப்பாடு நல்லமாம் எண்டு மச்சான் சொன்னவன்."

காணொளி ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. இரண்டு தரம் பார்த்தேன். இரண்டாம் தரம் மேசைகளை எண்ணினேன், இருபத்துமூன்று. எண்ணாமல் நிற்க முடியவில்லை. அண்ணனுக்காகக் கோபப்படுவதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. கொள்ளி வைத்த மகனே விளக்கேற்றிச் சோறு போட்டுத் துடக்கை முடித்த பிறகும் ஆறு நாளாக நான் அந்தப் பிள்ளையின் வாயை மூடி வைத்திருக்கிறேன். நேரத்தைப் பார்த்தேன். மூன்று முப்பத்தாறு.

வீட்டுக்குப் போன் எடுத்தேன். பேத்தி சரித்திரப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"உடுப்பை மாத்திக்கொண்டு மரக்கறிக் கடைக்கு வா. பாட்டுக்குப் போறம்."

புத்தகம் மூடுகிற சத்தம் கேட்டது.

"துடக்குக் கழிஞ்சுது," என்றேன்.

"எப்ப?"

"போன ஞாயிறு."

"போன ஞாயிறோ?" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

பத்தொன்பது நிமிடத்தில் கடை வாசலில் நின்றாள். மேலே குளிர் அங்கி, கீழே கறுப்புப் பாவாடை, காலில் ஓடுகிற சப்பாத்து. நல்ல சப்பாத்து கையில். நான் மரக்கறிப் பையைத் தூக்கினேன். மெட்ரோவில் போனால் இரண்டு தரம் மாற வேண்டும், சனிக்கிழமைச் சனம் வேறு. கார் து நோர் ரயில் நிலைய வாசலுக்கு நடந்து டாக்ஸி எடுத்தோம். முப்பத்துமூன்று வருடத்தில் பாரிசில் என் காசில் எடுத்த மூன்றாவது டாக்ஸி அது. முதல் இரண்டும் ஆஸ்பத்திரிக்கு.

நத்தார்ச் சந்தை காரணமாக ஆற்றோரம் முழுக்க வாகனம். நான் மீற்றரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலம் தாண்டும்போது, என் பக்கம் திரும்பாமலே, செவ்வாயும் வியாழனும் இரண்டு ஒத்திகை நடந்தது என்றாள். பிரெஞ்சில்தான். ஆசிரியைக்குச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கினேன். நாலு வசனம். நாளைப் பிழையாக எண்ணிவிட்டோம், பிழை என்னுடையது, பிள்ளை ஆயத்தமாக இருக்கிறாள், தயவுசெய்து.

நாலு நாற்பத்தேழுக்கு இறங்கினோம். அவள் சப்பாத்தை மாற்றாமலே ஓடினாள். நான் காசைக் கொடுத்து, மிச்சத்தை எண்ணி வாங்கி, அவள் பின்னால் ஓடினேன். ஓடியது என்று சொல்வது மிகை. தேவாலயத்தின் பக்க அறையில் குழு வரிசையாக நின்றது. ஆசிரியை ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தார். நான் இரண்டு வசனம் சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பேத்தியைப் பார்த்துத்தான் பேசினார். மற்றப் பிள்ளை இரண்டு கிழமையாக அதையே பயிற்சி செய்கிறாள், இப்போது அவளிடமிருந்து எடுத்தால் அது நியாயமில்லை. ஆனால் இரண்டாம் வரிசையில் உன் இடம் அப்படியே இருக்கிறது என்றார். நான் மூன்றாவது வசனத்தைத் தொடங்கினேன். பேத்தி என் கையைப் பிடித்தாள்.

"காணும் அப்பப்பா. போய் இருங்கோ," என்றாள்.

பின்னாலிருந்து மூன்றாவது வாங்குப் பலகையில் இருந்தேன். வெள்ளைச் சுவர், ஒரு சிலுவை, நத்தாருக்கு முந்திய நாலு ஞாயிறுக்கான நாலு மெழுகுதிரியில் இரண்டு எரிந்தது. குழுவில் இருபத்தாறு பேர். பேத்தி இரண்டாம் வரிசையில் இடமிருந்து ஐந்தாவது. கறுப்புப் பாவாடைக்குக் கீழே அந்த ஓட்டச் சப்பாத்து. ஏழாவது பாட்டுக்கு மற்றப் பிள்ளை முன்னால் வந்தாள். மெலிந்த பிள்ளை. நாலு சரணம் பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். மூன்றாம் சரணத்தில் ஒரு இடத்தில் மூச்சுப் போதவில்லை. அந்த நேரம் நான் பேத்தியைப் பார்த்தேன். அவள் வாய் மூடியிருந்தது. ஆனால் அந்தப் பிள்ளை மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் இவளுடைய தோள் எழும்பியது. அதற்குப் பிறகும் அப்படித்தான், ஒவ்வொரு வரியிலும். பாட்டு முழுதும் அவளிடம் இருந்தது. நான் எண்ணுவதை நிறுத்தினேன்.

வெளியே வரும்போது வாசலில் தட்டு வைத்திருந்தார்கள். பத்து யூரோ போட்டேன். திரும்பி மெட்ரோவில்தான் வந்தோம். மூன்றாம் நிலையத்தில் அவளாகக் கேட்டாள்.

"என்ரை குரல் கேட்டதோ?"

"கேட்டது," என்றேன்.

"கேட்டிருந்தால் நான் பிழையாய்ப் பாடியிருக்கிறன். குழுவிலை ஒராளின்ரை குரல் தனியக் கேட்கக் கூடாது."

அப்படியென்றால் கேட்கவில்லை என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யன்னல் கண்ணாடியில் பார்த்தேன், சிரிப்புத்தான். முழுச் சிரிப்பில்லை. லா சப்பலில் இறங்கி வீட்டுப் படியேறும்போதுதான் என் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. ஏழு வகை மரக்கறியும் டாக்ஸியில் போய்விட்டது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் திரும்பவும் தராசுக்கு முன்னால் நின்றேன். அதே ஏழு வகை. கடைக்காரர் எல்லாவற்றையும் நிறுத்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"நேற்று வாங்கினது டாக்ஸிக்காரன்ரை வீட்டு முப்பத்தொண்டுக்கோ அண்ணை?"

பேத்திதான் அவருக்குச் சொல்லியிருக்கிறாள், பால் வாங்க வந்தபோது. கீரைக்கு மட்டும் காசு வேண்டாம் என்றார்.

மத்தியானம் அண்ணனின் படத்துக்கு முன்னால் படைத்தேன். ரொறன்ரோவில் முடித்துவிட்டார்கள்தான். இருந்தாலும் நான் தொடங்கிய எண்ணிக்கையை நான் முடிக்க வேண்டும். பேத்தி தேவாரம் பாடினாள். குரல் கொஞ்சம் அடைத்திருந்தது, முதல் நாள் ஈரச் சப்பாத்தோடு நின்றதால் வந்த தடிமன். படைத்து முடிந்ததும் லாச்சியைத் திறந்து பதக்கத்தை எடுத்துத் தன் அறையில் மாட்டினாள். வெள்ளைச் சட்டை கதவில் இல்லை. பின்னேரம் பெறாமகனுக்குப் போன் எடுத்தேன். ஏசத்தான் எடுத்தேன். ஆனால் அவன் குரலைக் கேட்டதும், எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் கேட்டேன். இருநூற்றுப் பத்துப் பேர் என்றான். அதற்கு நான் மூன்று தரம் ஓம் சொன்னேன்.

ஜனவரியில் மூன்று தாளும் வந்தன. படிப்பில் பதினேழு தசம் ஒன்று. ஓட்டத்தில் பதினாறு. பாட்டில் பதின்மூன்று; ஒத்திகைக்கு வராத நாள் ஐந்து என்று சிவப்பில் எழுதியிருந்தது. அந்த ஐந்தில் மூன்று ரொறன்ரோவில் துடக்கு முடிவதற்கு முந்தியவை, இரண்டு பிந்தியவை. கோப்பில் வைத்தேன். அடுத்த செப்டெம்பரில் தனிப் பாட்டுக்குத் திரும்பக் குரல் கேட்பார்களாம். அந்தத் திகதியை அவளே சுவர்க் கலண்டரில் எழுதியிருக்கிறாள், பென்சிலால் இல்லை, பேனையால்.

டாக்ஸி முப்பத்துநாலு யூரோ இருபது சதம். இரண்டாம் தரம் வாங்கிய மரக்கறி, கீரை நீங்கலாக, இருபத்திரண்டு யூரோ அறுபது சதம். தட்டில் போட்ட பத்து யூரோவை இதில் சேர்க்கவில்லை, அது பாட்டுக் கேட்டதற்கு. ஆக என் பிழையின் செலவு மொத்தம் ஐம்பத்தாறு யூரோ எண்பது சதம்.